மதுரா ஃபுட், மைசிடோமா: பெயரில் என்ன இருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஆய்வக ஜன்னலிலும், செவிலியர் பயிற்சி வகுப்புகளிலும், ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிக்கும் குடும்பத்தாரிடமிருந்தும் ஓயாமல் வரும் சந்தேகங்களைச் சேர்த்துத் தொகுத்த பக்கம் இது. கேள்விகள் கேட்டவர்கள் பேச்சிலேயே உள்ளன. மருந்து அளவுகள், மருத்துவர் எழுதிய சீட்டைப் புரிந்துகொள்ள மட்டுமே. கடையில் தானாக வாங்கிச் சாப்பிட அல்ல.

ரிப்போர்ட்ல "மதுரா ஃபுட்"னு போட்டிருக்கு. அது என்ன வியாதி?

தோலுக்கு அடியில் கிருமி போய்த் தங்கி, மாதக்கணக்கில், பல சமயம் வருடக்கணக்கில் மெதுவாகப் பரவும் நோய். பெரும்பாலும் பாதத்தில் வரும். மூன்று அடையாளங்கள் சேர்ந்திருக்கும்: கெட்டியான வீக்கம், அந்த வீக்கத்தில் திறப்பதும் மூடுவதுமாக இருக்கும் பல புரைத் துளைகள், துளை வழியே சீழோடு வெளிவரும் குருணை. வீக்கமும் சீழும் எத்தனையோ நோய்களில் வரும். குருணைதான் இந்த நோயைக் காட்டிக்கொடுக்கும்.

இந்த நோயின் வம்பே, ஆரம்பத்தில் வலி இல்லாததுதான். "வலிக்கலையே, அப்புறம் பார்ப்போம்" என்று நாளைக் கடத்தி, எலும்பை அரித்த பிறகு வருகிறவர்கள் அதிகம். மருத்துவப் பெயர் மைசிடோமா. மதுரா ஃபுட் என்பது அதற்கு முந்திய, இன்றும் பாடப்புத்தகங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயர்.

அந்த "மதுரா" நம்ம மதுரையா, வடக்க கிருஷ்ணர் பிறந்த மதுராவா?

நம்ம மதுரைதான். வெள்ளைக்காரர் காலத்தில் இந்த ஊரையும் ஜில்லாவையும் ஆங்கிலத்தில் "மதுரா" என்றே எழுதினார்கள். மதுரா கோட்ஸ் ஆலையின் பெயரில் இன்றும் அந்த எழுத்து நிற்கிறது. வடக்கே இருக்கும் மதுராவை அதே ஆட்சி "முட்ரா" என்று எழுதியது. அதனால் 19ஆம் நூற்றாண்டு ஆவணங்களில் இரண்டுக்கும் குழப்பம் கிடையாது. பின்னால் இரு ஊர்களும் எழுத்தை மாற்றிக்கொண்ட பிறகுதான் இந்தச் சந்தேகம் வந்தது. இந்தோனேசியாவில் மதுரா என்று ஒரு தீவு உண்டு. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அப்ப இந்த நோய் மதுரையிலதான் முதல்ல உண்டாச்சா?

இல்லை. மதுரையில்தான் முதலில் தனி நோயாக அடையாளம் கண்டு எழுதினார்கள். அவ்வளவுதான். 1842-இல் மதுரை மருந்தகத்தில் வேலை பார்த்த ஜான் கில் என்ற மருத்துவர், உருக்குலைந்து போன இந்தப் பாதங்களைப் பற்றிக் குறிப்பு எழுதினார். 1846-இல் அதே மதுரையில் இருந்த கோல்புரூக், அதை "மதுரா ஃபுட்" என்ற பெயரோடு பதிவு செய்தார். அதே 1846-இல் பெல்லாரியிலிருந்து காட்ஃப்ரே என்பவரும் இதை எழுதினார். தபால் கொஞ்சம் முன்பின் ஆகியிருந்தால் உலகம் முழுக்க "பெல்லாரி ஃபுட்" என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கலாம்.

நோய் இருக்கும் நிலப்பரப்போ பெரிது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே 15 டிகிரி முதல் வடக்கே 30 டிகிரி வரை ஒரு பட்டை போட்டால் அதற்குள் இந்தியா, சூடான், சோமாலியா, செனகல், மெக்சிகோ எல்லாம் வரும். இந்த நோய்க்குப் பேர்போன ஆராய்ச்சி மையம் சூடான் நாட்டுத் தலைநகர் கார்ட்டூமில் 1991-இல் தொடங்கப்பட்டது.

யானைக்காலும் இதுவும் ஒண்ணுதானே? ரெண்டுலயும் கால் வீங்குது.

வீங்குவதோடு ஒற்றுமை முடிந்தது. யானைக்கால் நூல் போன்ற ஃபைலேரியா புழுவால் வருவது. கொசு கடித்துப் பரவுவது. அவ்வப்போது காய்ச்சல், நெறிகட்டுதல் என்று தொடங்கி, நிணநீர் வடியாமல் முழங்காலுக்குக் கீழே முழுக் காலும் பருக்கும். மதுரா ஃபுட் கொசுவால் வராது. பாதத்தில் ஒரு இடத்தில் கட்டியாகத் தொடங்கும். துளையும் குருணையும் யானைக்காலில் இருக்காது.

இந்தக் குழப்பம் புதிதல்ல. மலபார் கரைக்கு வந்துபோன ஜெர்மானிய மருத்துவர் எங்கெல்பெர்ட் கேம்ப்ஃபர், 1694-இல் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த ஆய்வேட்டில் "பெரிக்கால்" என்ற உள்ளூர்ச் சொல்லை அப்படியே லத்தீன் எழுத்தில் எழுதி, புண்ணோடு பெருக்கும் பாத நோய் என்று விளக்கினார். அது யானைக்கால் என்று ஒரு சாராரும், மதுரா ஃபுட்டின் முதல் பதிவு என்று இன்னொரு சாராரும் எழுதியிருக்கிறார்கள். பெரிய கால் என்ற சொல்லை மட்டும் வைத்து எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்ல முடியாது. குருணையைப் பற்றித் தெளிவாகச் சொல்லும் பதிவுகள்தான் நம்பத்தக்கவை.

மைசிடோமாங்கிற வார்த்தையை எப்படிப் பிரிச்சுப் படிக்கணும்?

கிரேக்கத்தில் "மைகெஸ்" என்றால் காளான், பூஞ்சை. "ஓமா" என்றால் வீக்கம், கட்டி. சேர்த்தால் பூஞ்சைக் கட்டி. உச்சரிக்கும்போது "டோ"வில் அழுத்தம் வரும்: மை-சி-டோ-மா.

இந்தப் பெயரை வைத்தவர் ஹென்றி வான்டைக் கார்ட்டர். 1858-இல் வந்த "கிரேஸ் அனாடமி" என்ற புகழ்பெற்ற உடற்கூறுப் பாடநூலுக்குப் படங்கள் வரைந்த அதே கார்ட்டர். அந்த ஆண்டே பம்பாய்க்கு வந்து, கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்தார். வெட்டி எடுத்த பாதங்களை அறுத்துப் பார்த்து, உள்ளே கிடந்த கறுப்புக் குருணைகள் பூஞ்சைதான் என்று 1860 வாக்கில் எழுதினார். 1874-இல் இதைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். ஒரு ஊரின் பெயரைத் தூக்கிவிட்டு, காரணத்தைப் பெயராக வைக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். நோக்கம் சரி. ஆனால் அவர் சொன்ன காரணம் பாதிதான் சரியாக இருந்தது. எப்படி என்பது இரண்டு கேள்வி தள்ளி வருகிறது.

"ஓமா"ன்னு முடிஞ்சா கேன்சர்னு சொல்றாங்களே, பயமா இருக்கு.

பயப்பட வேண்டாம். "ஓமா" என்ற ஈறுக்குப் புற்று என்று பொருள் கிடையாது. கார்சினோமா, சார்கோமா, லிம்ஃபோமா, மெலனோமா எல்லாம் புற்று வகைகள், உண்மை. ஆனால் ஹீமடோமா என்றால் ரத்தம் கட்டியது. கிரானுலோமா என்றால் அழற்சியால் வந்த சிறு முடிச்சு. லைபோமா என்றால் கொழுப்புக் கட்டி. டிரக்கோமா கண் இமையின் உட்புறத்தைச் சொரசொரப்பாக்கும் தொற்று. கண் முகாம்களில் எல்லோருக்கும் தெரிந்த குளுக்கோமாவில் கட்டியே கிடையாது.

உண்மையில் கவனிக்க வேண்டியது சொல்லின் முன்பகுதியை. காதில் ஒரே மாதிரி விழும் நான்கு சொற்கள் ரிப்போர்ட்டுகளில் வரும். மயோமா: "மயோ" தசை, அதாவது கர்ப்பப்பைத் தசைக் கட்டி. மைலோமா: "மைலோ" மஜ்ஜை, எலும்பு மஜ்ஜைப் புற்று. மிக்ஸோமா: "மிக்ஸோ" கோழை போன்ற பொருள், பெரும்பாலும் இதயத்துக்குள் வரும் கட்டி. மைசிடோமா: பூஞ்சை. போனில் ரிப்போர்ட் படித்துச் சொல்லும்போது இந்த நான்கும் ஒன்றுக்கொன்று மாறிவிடுகின்றன. வாயால் சொல்வதை நம்பாமல் ரிப்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்வது நல்லது.

பேர்ல பூஞ்சை இருக்கு. டாக்டர் என்னடான்னா பாக்டீரியாங்கிறார். யார் சொல்றது சரி?

இரண்டும் சரி. இந்த நோய் இரண்டு வகை. "யூ" என்றால் உண்மையான. யூமைசிடோமா என்பது நிஜமாகவே பூஞ்சையால் வருவது. ஆக்டினோமைசிடோமா என்பது ஆக்டினோமைசீட் என்ற பாக்டீரியாக் கூட்டத்தால் வருவது. இந்தப் பாக்டீரியாக்கள் பூஞ்சை போலவே இழை இழையாக வளர்வதால், அக்கால நுண்ணோக்கியில் பார்த்தவர்கள் "கதிர்ப் பூஞ்சை" என்ற பொருளில் பெயர் வைத்துவிட்டார்கள். பாக்டீரியா என்று தெரிந்த பின்னும் பெயர் நிலைத்துவிட்டது. ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற பெயரிலும் இதே கதைதான். அதுவும் பாக்டீரியா, பெயரில் பூஞ்சை.

கார்ட்டர் பெயர் வைத்தபோது இந்தப் பிரிவு தெரியாது. 1913-இல் பினாய் என்ற பிரெஞ்சு ஆய்வாளர்தான் இரண்டையும் தெளிவாகப் பிரித்தார். இன்று இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைக்க முடியும் என்றால், அது இந்த முன்னொட்டாக இருக்கட்டும். ரிப்போர்ட்டில் வெறும் "மைசிடோமா" என்று மட்டும் இருந்தால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது. "யூ"வா, "ஆக்டினோ"வா என்று கேட்டு வாங்க வேண்டும். மருந்து முழுக்க முழுக்க வேறு. தமிழ்நாட்டில் பாக்டீரியா வகைதான் அதிகம் வருகிறது. ராஜஸ்தான் பக்கம் பூஞ்சை வகை கூடுதல்.

"பிளாக் கிரெய்ன்", "வைட் கிரெய்ன்"னு எழுதுறாங்களே, கலரைப் பார்த்தே வகை சொல்லிடலாமா?

கிரெய்ன் என்பது முன்னே சொன்ன குருணை. கிருமி இழைகள் ஒன்றோடொன்று பின்னி, சில வகைகளில் சிமென்ட் போன்ற பசைப் பொருளால் இறுகிய உருண்டை. கறுப்பாக இருந்தால் ஏறக்குறைய உறுதியாகப் பூஞ்சை வகை. மதுரெல்லா மைசிடோமாடிஸ் அதில் முதன்மையானது. சிவப்பு அல்லது இளஞ்சிவப்பாக இருந்தால் பாக்டீரியா வகை, பெரும்பாலும் ஆக்டினோமதுரா பெல்லெட்டீரி.

தகராறு வெள்ளையிலும் வெளிர் மஞ்சளிலும்தான். ஆக்டினோமதுரா மதுரே, நோகார்டியா போன்ற பாக்டீரியாக்களும் வெளிர் குருணை தரும். சில பூஞ்சைகளும் தரும். அளவு கொஞ்சம் கைகொடுக்கும்: ஆக்டினோமதுரா மதுரேவின் குருணை ஒரு மில்லிமீட்டருக்கு மேல் போகும், கண்ணுக்குத் தெரியும். நோகார்டியாவின் குருணை பொடியாக இருக்கும், சீழில் தேடினாலும் சிக்காது. ஆக, கறுப்பும் சிவப்பும் கண்ணால் சொல்லலாம். வெள்ளை என்றால் நுண்ணோக்கி சொல்லும் வரை காத்திருக்க வேண்டும்.

ஆய்வகத்துல குருணை எடுத்துட்டு வரச் சொன்னாங்க. வீட்ல எப்படி எடுக்கிறது?

முதல் நாள் இரவு பாதத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு, புரைத் துளைகளின் மேல் மருந்து எதுவும் தடவாமல், சுத்தமான காஸ் துணியை வைத்துக் கட்டிக்கொள்ளுங்கள். மஞ்சள், பவுடர், ஆயின்மென்ட் கூடாது. காலையில் பிரிக்காமல் அப்படியே வாருங்கள். வெளிவந்த குருணைகள் காஸின் இழைகளில் ஒட்டியிருக்கும். ஆய்வகத்தில் ஊசிமுனையால் பொறுக்கி, சலைனில் கழுவி, இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் நசுக்கிப் பார்ப்பார்கள். 10% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டால் சுற்றியுள்ள திசுவெல்லாம் கரைந்து இழை மட்டும் தெரியும். இழையின் பருமன் ஒரு மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அல்லது அதற்கும் கீழே என்றால் பாக்டீரியா. இரண்டு மைக்ரானும் அதற்கு மேலும் என்றால் பூஞ்சை. முந்தைய கேள்வியில் வெள்ளைக் குருணை விட்டுவைத்த சந்தேகம் இந்த இடத்தில் தீரும்.

துளை மூடியிருந்தால் குருணை வராது. அப்போது ஆழத்திலிருந்து சதை எடுத்துப் பார்ப்பதுதான் வழி. மேலாகச் சீழை மட்டும் பஞ்சுக் குச்சியில் தொட்டு அனுப்புவது வீண். தோலில் இருக்கும் சாதாரணக் கிருமிதான் வளரும், அதற்கே மருந்தும் எழுதப்படும்.

பயாப்சி எடுத்தாங்க, ஆனா கல்ச்சர் "நோ க்ரோத்"னு வந்துச்சு. ஏன்?

அடிக்கடி நடக்கும் காரணம்: எடுத்த சதை முழுவதையும் ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடுவது. ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும். பயாப்சிக்கு, அதாவது சதையை நுண்ணோக்கியில் பார்க்க, அது வேண்டும். கல்ச்சருக்கு, அதாவது கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்க, அது ஆகாது. ஆபரேஷன் தியேட்டரிலேயே சதையை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஃபார்மலினிலும் மற்றதைச் சுத்தமான சலைனிலும் போட வேண்டும். பாட்டில் மேல் "கல்ச்சருக்கு" என்று எழுதி, சந்தேகப்படும் நோயின் பெயரையும் போட வேண்டும். பெயர் இல்லாவிட்டால் வழக்கமான சீழ் கல்ச்சர் போல இரண்டு நாள் பார்த்துவிட்டுத் தட்டை எறிந்துவிடுவார்கள். இந்தக் கிருமிகள் வளர நான்கிலிருந்து ஆறு வாரம் வரை தட்டை வைத்திருக்க வேண்டும்.

வளர்ந்ததெல்லாம் காரணக் கிருமி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கார்ட்டரின் மாதிரிகளில் வளர்ந்த சிவந்த பூசணத்தை இங்கிலாந்தின் பெரிய பூஞ்சை வல்லுநர் பெர்க்லி ஆராய்ந்து, கியோனிஃபே கார்ட்டெரி என்று பெயரே சூட்டினார். அது வெளியிலிருந்து வந்து ஒட்டிய பூசணம், நோய்க்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பின்னால் தெரிந்தது.

எம்.ஆர்.ஐ.ல "டாட் இன் சர்க்கிள்"னு இருக்கு.

வட்டத்துக்குள் புள்ளி. நடுவில் கறுப்பாகத் தெரியும் புள்ளி குருணை. சுற்றி வெளுப்பாகத் தெரிவது அழற்சித் திசு. மைசிடோமாவுக்கு மிக நெருக்கமான அடையாளம் இது. ஆனால் "யூ"வா, "ஆக்டினோ"வா என்று இது சொல்லாது. எக்ஸ்ரேயில் ஓரளவு ஊகிக்கலாம்: எலும்பில் குறைவான, பெரிய பொந்துகள் பூஞ்சைப் பக்கம். பூச்சி அரித்தது போலப் பல சிறு பொந்துகள் பாக்டீரியாப் பக்கம்.

கருவேல முள் குத்தினா இது வந்துடுமா? வீட்ல மத்தவங்களுக்குத் தொத்துமா?

கிருமி மண்ணிலும் முள்ளிலும் இருக்கிறது. முள், கூரான கல், வேலிக் குச்சி குத்தும்போது தோலைத் தாண்டி உள்ளே போகிறது. குத்திய எல்லோருக்கும் வருவதில்லை, மிகச் சிலருக்கே. செருப்பில்லாமல் வயலிலும் காட்டிலும் நடப்பவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், விறகு வெட்டுபவர்கள், குறிப்பாக 20 முதல் 40 வயதுக்குள் இருக்கும் ஆண்கள் அதிகம் பாதிக்கப்படுகிறார்கள். ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொத்தாது. தட்டு, பாய், துணி எதையும் பிரிக்க வேண்டியதில்லை.

சீமைக் கருவேலத்தின் மேல் பழியைப் போடுவது இப்போது வழக்கம். 1842-இல் கில் எழுதியபோது அந்த மரம் இந்தப் பக்கம் வரவே இல்லை. நாட்டுக் கருவேலும் உடைமரமும் வெள்வேலும் அப்போதும் இருந்தன. முள் குத்தினால் பிடுங்கிவிட்டு, முனை உள்ளே முறிந்து நிற்கிறதா என்று பார்த்து, சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். குத்திய இடத்தில் சில மாதம் கழித்து வலியில்லாத முடிச்சு தென்பட்டால் காட்டிவிடுங்கள். முடிச்சு சிறிதாக இருக்கும்போது வெட்டி எடுப்பது எளிது.

கையில வந்தா "மதுரா ஹேண்ட்"னு சொல்லணுமா?

அப்படியும் எழுதுகிறவர்கள் உண்டு. மைசிடோமா என்று எழுதி இடத்தைக் குறிப்பதே சரி. பாதத்துக்கு அடுத்தபடி கையில் வரும். மூட்டை, விறகு சுமப்பவர்களுக்கு முதுகிலும் தோளிலும் வரும். மெக்சிகோவில் முதுகில் வருவது வழக்கமாகப் பார்ப்பதுதான்.

எங்கப்பாவுக்கு டி.பி. வந்து ஆறிடுச்சு. இப்ப நெஞ்சு ஸ்கேன்ல மைசிடோமாங்கிறாங்க. கால்லதானே வரும்?

இது வேறு. ஆறிப்போன டி.பி. நுரையீரலில் விட்டுச் சென்ற பொந்துக்குள் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை பந்தாக உருண்டு கிடப்பதையும் சில கதிரியக்க மருத்துவர்கள் மைசிடோமா என்றே எழுதுகிறார்கள். சொல்லின் நேர்ப்பொருள் பூஞ்சைக் கட்டி என்பதால் வந்த பழக்கம். இதற்குச் சரியான பெயர் ஆஸ்பர்ஜில்லோமா. இதற்கும் முள்ளுக்கும் பாதத்துக்கும் தொடர்பில்லை. இருமலில் ரத்தம் வருவதுதான் இதில் பார்த்துக்கொள்ள வேண்டிய ஆபத்து. இணையத்தில் மைசிடோமா என்று தேடி, பாதப் படங்களைப் பார்த்துக் கலங்க வேண்டாம்.

ஆக்டினோமைகோசிஸ், ஆக்டினோமைசிடோமா. இதுல என்ன வித்தியாசம், எழுத்துப் பிழையா?

பிழை இல்லை, தனித்தனி நோய்கள். ஆக்டினோமைகோசிஸ் நம் வாயிலேயே குடியிருக்கும் ஆக்டினோமைசிஸ் என்ற கிருமியால் வருவது. பல் பிடுங்கிய பின், தாடையில் கட்டியும் துளையுமாக வருவது வழக்கம். அதற்குப் பென்சிலின் நன்றாக வேலை செய்யும். ஆக்டினோமைசிடோமா மண்ணிலிருந்து முள் வழியே வருவது. இரண்டிலும் குருணை வரும் என்பதால் குழப்பம் கூடுகிறது. இடத்தையும் கிருமியின் முழுப்பெயரையும் பார்த்தால் தெளிந்துவிடும்.

மருந்து எவ்வளவு நாள்? ஒருத்தருக்கு ஊசி போடுறாங்க, இன்னொருத்தருக்கு மாத்திரை மட்டும்தான்.

காரணம் அந்த முன்னொட்டுதான். பாக்டீரியா வகைக்கு ஆன்டிபயாட்டிக். பரவலாகப் பின்பற்றும் ஒரு முறையில் அமிகாசின் ஊசி, உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் தினமும், மூன்று வாரம். அதோடு கோட்ரைமாக்சசோல் மாத்திரை ஐந்து வாரம். இது ஒரு சுற்று. தேவைக்கேற்பச் சுற்றுகள் தொடரும். இந்தியாவில் ஜென்டாமைசின் வைத்துச் செய்யும் முறைகளும் உண்டு. இந்த ஊசிகள் சிறுநீரகத்தையும் காதையும் பாதிக்கக்கூடும் என்பதால் கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்தச் சோதனை), காது கேட்கும் திறன் சோதனை இரண்டையும் தவறவிடக் கூடாது. காதில் இரைச்சல் வந்தால் உடனே சொல்லுங்கள்.

பூஞ்சை வகைக்கு இட்ராகோனசோல் 200 மில்லிகிராம் தினம் இருவேளை, குறைந்தது ஒரு வருடம், நடுவில் அறுவை. சூடானில் வாரம் ஒருமுறை சாப்பிடும் ஃபாஸ்ராவுகோனசோல் என்ற மருந்தை இட்ராகோனசோலோடு ஒப்பிட்டுச் சோதித்திருக்கிறார்கள். இட்ராகோனசோல் கேப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். வயிற்றில் அமிலம் இருந்தால்தான் அது கரையும். "வயிறு எரியுது" என்று கூடவே அமிலத்தைக் குறைக்கும் பான்டபிரசோல் போட்டுக்கொண்டால் மருந்து உடம்பில் ஏறாது. ஆறு மாதம் சாப்பிட்டும் கேட்கவில்லை என்று வருகிறவர்களிடம் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

இரு வகையிலும் பொதுவான தவறு, துளை மூடியதும் மருந்தை நிறுத்துவது. உள்ளே குருணை இருக்கும் வரை மறுபடி வரும். வகை தெரியாமல் காலை எடுக்கச் சம்மதிப்பது இன்னொரு தவறு. பாக்டீரியா வகை என்றால் மருந்திலேயே கால் பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது.

இன்சூரன்ஸ்ல "யானைக்கால்"னு பதிவாகியிருக்கு. எங்க தப்பு நடந்திருக்கும்?

குறியீட்டு எண்ணைப் பாருங்கள். நோய்களுக்கு எண் கொடுக்கும் ஐ.சி.டி.-10 என்ற சர்வதேசப் பட்டியலில் மைசிடோமா பி47. யானைக்கால் உண்டாக்கும் ஃபைலேரியா பி74. இரண்டு இலக்கம் இடம் மாறினால் நோயே மாறிவிடும். பி47.0 பூஞ்சை வகை, பி47.1 பாக்டீரியா வகை, பி47.9 வகை குறிக்கப்படாதது.

இன்னொரு நுட்பம். அந்தப் பட்டியலில் பூஞ்சையால் வந்த மதுரா ஃபுட் பி47.0-க்குக் கீழே வருகிறது. மருத்துவர் வெறுமனே "மதுரா ஃபுட்" என்று எழுதினால், பாக்டீரியா வகைக்காரருக்கும் பதிவு செய்பவர் பூஞ்சை எண்ணைப் போட்டுவிட வாய்ப்பு உண்டு. பிறகு அமிகாசின் பில்லுக்கும் எண்ணுக்கும் பொருந்தவில்லை என்று கேள்வி வரும். டிஸ்சார்ஜ் சம்மரியில் முழுப்பெயரை எழுதச் சொல்லிக் கேளுங்கள்.

நம்ம பழைய நூல்கள்ல இது இருக்கா?

ஆங்கிலப் பாடநூல்கள் பல, அதர்வ வேதத்தில் "பாத வல்மீகம்" என்று இருப்பதாகச் சொல்லும். சுசுருத சம்ஹிதையில் சிறு நோய்கள் வரிசையில் வல்மீகம், அதாவது கறையான் புற்று, என்று ஒன்று வருகிறது. உள்ளங்கால், உள்ளங்கை போன்ற இடங்களில் புற்று மாதிரி எழும்பி, பல வாய்களில் ஒழுகும் கட்டி. கறையான் புற்றைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. மதுரா ஃபுட்டுக்கு இது நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் எலும்பு டி.பி. புரையும் அப்படித்தான் இருக்கும். குருணை பற்றிய பேச்சு இல்லாதவரை "அதேதான் இது" என்று அடித்துச் சொல்வது அதிகப்படி.

மதுரை பேரு வேற எந்த அறிவியல் வார்த்தையில இருக்கு?

நிறையவே. 1894-இல் அல்ஜீரியாவில் ஒரு நோயாளியிடமிருந்து எடுத்த பாக்டீரியாவுக்கு வின்சென்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர் ஸ்ட்ரெப்டோத்ரிக்ஸ் மதுரே என்று பெயரிட்டார். மதுரையைப் பார்த்தே இராத கிருமிக்கு மதுரைப் பெயர். 1905-இல் பிரம்ப்ட் கறுப்புக் குருணைப் பூஞ்சைக்கு மதுரெல்லா என்ற பேரினம் அமைத்தார். 1970-இல் லெச்செவாலியே தம்பதியர் வின்சென்ட்டின் கிருமியை ஆக்டினோமதுரா என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள்.

அந்தப் பேரினத்தின் பாக்டீரியாக்களில் காணும் ஒரு சர்க்கரைக்கு மதுரோஸ் என்று பெயர். இனிப்பு என்ற பொருளில் மதுரம் என்று நினைத்துவிட வேண்டாம், கிருமியின் பெயரிலிருந்து வந்ததுதான். கோழி வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த மதுராமைசினும் ஆக்டினோமதுராவிலிருந்து கிடைப்பது. ரத்தக்கழிச்சலைத் தடுக்கக் கறிக்கோழித் தீவனத்தில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் கலப்பார்கள். அளவு சற்றுக் கூடினாலே கோழி நடக்க முடியாமல் படுத்துவிடும் என்பதால் கையால் கிளறிக் கலக்கக் கூடாத மருந்து.

ஒரு நோய்க்கு நம்ம ஊர் பேரு அசிங்கமா இல்லையா? மாத்தச் சொல்லி மனு கொடுக்கலாமா?

புது நோய்களுக்கு ஊர்ப் பெயர் வைக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் வழிகாட்டி வெளியிட்டது. பழைய பெயர்களை அது தொடவில்லை. ஆனாலும் 2016-இல் இந்த நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்கள் பட்டியலில் சேர்த்தபோது மைசிடோமா என்ற பெயரிலேயே சேர்த்தார்கள். ஆக, அதிகாரபூர்வ நோய்ப் பெயரில் மதுரை ஏற்கெனவே இல்லை. பேச்சுவழக்கில் இருப்பதை மனுவால் மாற்ற முடியாது.

மதுரெல்லா, ஆக்டினோமதுரா என்ற கிருமிப் பெயர்கள் வேறு கணக்கு. முறைப்படி முதலில் வெளியான பெயருக்கே முன்னுரிமை என்பது பெயரிடும் சர்வதேச விதி. கிருமியின் வகைப்பாடு தவறு என்று ஆய்வில் தெரிந்தால் பேரினம் மாறலாம். ஊர்க்காரர்களுக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக மாறாது.